சுரங்கம் மூடும்போது மண்ணுக்குரியவர்களை முன்னால் நிறுத்துவது எப்படி

ஆஸ்திரேலியாவின் வடக்கே, சுரங்கம் தோண்டி முடித்த நிலத்தில் மறுபடி காடு வளர்ப்பது என் வேலை. தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே சுரங்க வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "அக்கா, மூடல் திட்டத்தில் பூர்வகுடி மக்களைப் பற்றி ஒரு அத்தியாயம் வேண்டுமாம். எப்படி எழுதுவது?" தனி அத்தியாயமாக எழுதாதீர்கள் என்பேன். நிலம் சரியாகிவிட்டதா இல்லையா என்று சொல்லும் உரிமை அவர்கள் கையில் இருக்க வேண்டும். முழுத் திட்டத்தையும் அதற்கேற்பப் போட வேண்டும்.

முதல் கூட்டத்துக்குப் போகும் முன் அந்த இடத்தின் வரலாற்றைப் படியுங்கள். ரேஞ்சர் யுரேனியச் சுரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் ககடு தேசியப் பூங்கா, நடுவில் மிரார் மக்களின் நிலம். 1976ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டம் வட பிரதேசத்தின் பூர்வகுடிகளுக்குச் சுரங்கத்தை மறுக்கும் உரிமை தந்தது. ரேஞ்சருக்கு மட்டும் தனிப் பிரிவு போட்டு அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். பக்கத்திலிருக்கும் ஜபிலுகா என்ற யுரேனியப் படிவையும் தோண்ட வந்தபோது, 1998இல் மிரார் மூத்தவர் இவோன் மார்கருலா முன்நின்று நடத்திய மறியல் எட்டு மாதம் நீடித்தது. 500 பேருக்கு மேல் கைதானார்கள். கடைசியில், மிரார் சம்மதமில்லாமல் அங்கே தோண்டுவதில்லை என்று 2005இல் ஒப்பந்தமானது. இதெல்லாம் தெரியாமல் போய் "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அந்த மக்கள் உங்களை எப்படி நம்புவார்கள்?

அடுத்து, யாரிடம் பேசுவது. அருகில் குடியிருக்கும் எல்லோரும் அந்த நிலத்துக்காகப் பேசிவிட முடியாது. பேசும் உரிமை குறிப்பிட்ட குடும்பங்களுக்குத்தான் உண்டு. பூர்வகுடி நில உரிமையாளர்களுக்காகப் பேசும் நார்தர்ன் லேண்ட் கவுன்சில் மூலமாகவும், அந்தக் குலத்தாரின் சொந்த அமைப்பு மூலமாகவும் கேளுங்கள். மிரார் மக்களுக்கு அது குன்ஜெய்மி கார்ப்பரேஷன். சில இடங்கள் பெண்களுக்கு மட்டும் உரியவை, சில ஆண்களுக்கு மட்டும். அதனால் உங்கள் குழுவில் இரு பாலாரும் இருக்கட்டும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் கூட்டம் நின்றுபோகும். தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். இறந்தவரின் படம் உங்கள் ஸ்லைடில் இருந்தால் உடனே நீக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் மகேலா ஓடை பெருகும்போது பாதைகளே மூழ்கிவிடும். அப்போது கூட்டம் போட்டுவிட்டு "யாரும் வரவில்லை" என்று அறிக்கை எழுதுவது அநியாயம்.

இனி முக்கியமான வேலை. எந்த நிலைக்கு வந்தால் நிலம் சரியாகிவிட்டது என்று ஒப்புக்கொள்வது என்பதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். ரேஞ்சரில் சட்டம் கேட்பது இது: பக்கத்து ககடு காட்டைப் போன்ற சூழல் அமைய வேண்டும், யுரேனியம் பிரித்தபின் மிஞ்சும் கழிவுச் சேறு குறைந்தது 10,000 ஆண்டுகள் வெளியே வராமல் இருக்க வேண்டும். மரங்கள் எத்தனை, மண் எவ்வளவு அரிக்கிறது என்பதைப் பொறியாளர் அளந்துவிடலாம். அங்கே மனிதர் வாழ முடியுமா என்பதற்கு அந்த அளவு போதாது.

ஒரு சுரங்கத்தில், கழிவுப் பாறையைக் கொட்டிச் சமன்செய்த மேட்டுக்கு ஒரு மூத்த அம்மாவை அழைத்துப் போனோம். நாங்கள் சரிவின் கோணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் வெறுங்காலால் ஒரு கல்லை உருட்டிப் பார்த்தார். கூர்முனை மேலே திரும்பியது. "என் பேரப்பிள்ளைகள் வேட்டைக்கு இதில் எப்படி நடப்பார்கள்?" என்றார். பாறையின் அளவு அன்றைக்கே அளவுகோலில் ஏறியது. ஆகவே ஹோட்டல் அறையில் உட்காராமல் நிலத்தில் நடந்தபடியே கேளுங்கள்: இங்கே எதைப் பிடித்துச் சாப்பிடுவீர்கள்? எங்கே தண்ணீர் குடிப்பீர்கள்? இந்த மேட்டில் நின்றால் எந்த மலை தெரிய வேண்டும்?

சாப்பாட்டுக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ககடு நீர்நிலைகளில் நன்னீர் மட்டி இருக்கிறது. அது தன் உடலில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். எந்தக் குளத்து மட்டியை, யார், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் போடும் கதிர்வீச்சுக் கணக்கு வெறும் காகிதம். அந்தத் தகவல் அங்கே சமைக்கிறவர்களிடம்தான் இருக்கிறது. அதைச் சொல்பவருக்கு, ஆலோசகருக்குத் தரும் அதே மரியாதையோடு கூலி கொடுங்கள்.

செடி விஷயம் என் பிரியமான பகுதி. இங்கே காடு என்றால் ஸ்ட்ரிங்கிபார்க், வுல்லிபட் என்ற இரண்டு யூக்கலிப்டஸ் மரங்கள்தான் முதலில் கண்ணில் படும். நிறுவனங்கள் அவற்றை எண்ணிக் கணக்குக் காட்டிவிடும். அந்த மக்கள் கேட்பதோ ககடு பிளம், பச்சை பிளம், வள்ளிக்கிழங்கு வகைகள். விதை சேகரிப்பையும் நாற்றங்காலையும் உள்ளூர்ப் பூர்வகுடி நிறுவனத்துக்கே நீண்ட கால ஒப்பந்தமாகக் கொடுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் விதை முற்றும் பருவம் வேறு, அதனால் ஒரு வருட ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் தீ. ஈட்டிப்புல் உள்ளே புகுந்துவிட்டால் வறண்ட பருவத்தின் கடைசியில் பிடிக்கும் நெருப்பு இளங்கன்றுகளைத் தின்றுவிடும். மழை ஓய்ந்த கையோடு, குளிர்ச்சியான காலத்தில் சிறு தீ வைத்துப் புல்லைக் குறைப்பது அவர்களின் பழைய வழக்கம். கன்றுகள் எப்போது அந்தத் தீயைத் தாங்கும், எங்கே வைக்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பாதுகாப்பு அதிகாரி பதறுவார். அவரையும் களத்துக்குக் கூட்டிப் போங்கள்.

பணத்தைப் பற்றித் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். ரேஞ்சரில் ஆலை 2021 ஜனவரியில் நின்றது. 2026 ஜனவரிக்குள் சீரமைத்து முடிக்க வேண்டும் என்றிருந்த கெடுவை நீட்டிக்க 2022இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. செலவும் முதல் மதிப்பீட்டைத் தாண்டி எங்கோ போய்விட்டது. சீரமைப்புக்காக ஒதுக்கி வைக்கும் உத்தரவாதத் தொகை எவ்வளவு, யாரிடம் இருக்கிறது, நிறுவனம் கைவிட்டால் யார் பொறுப்பு என்பது மக்களின் அமைப்புக்கு எழுத்தில் தெரிய வேண்டும். கணக்கைச் சரிபார்க்க அவர்களே தேர்ந்தெடுக்கும் நிபுணருக்கான செலவும் திட்டத்துக்குள்ளேயே வரட்டும்.

கடைசியாக, மூடிய பிறகு யார் கண்காணிப்பது என்ற கேள்வி. கனடாவின் யெல்லோநைஃப் அருகே ஜயன்ட் தங்கச் சுரங்கத்தில் 2,37,000 டன் ஆர்சனிக் தூள் பூமிக்கடியில் கிடக்கிறது. அதை உறைய வைத்துக் காலமெல்லாம் காவல் காக்க வேண்டிய நிலை. 2015இல் வந்த ஒப்பந்தத்தின்படி தனி மேற்பார்வை வாரியம் அமைந்தது. யெல்லோநைவ்ஸ் டெனே மக்களும் அதற்கு ஓர் இயக்குநரை நியமிக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு வாரியத்தைக் கேளுங்கள். அதற்கான பணம் சுரங்க நிறுவனத்தின் தயவில் இல்லாமல் தனியாக இருக்கட்டும். ஒரு இடம் போதாது, பெரும்பான்மை வேண்டும் என்பேன் நான். சோதனை முடிவுகள் அரசுக்குப் போகும் அதே நாளில் அவர்களுக்கும் போக வேண்டும். மட்டியையும் தண்ணீரையும் அள்ளிச் சோதிக்கும் வேலைக்கு அவர்கள் பிள்ளைகளை இப்போதே பயிற்சிக்கு எடுங்கள். கடைசி லாரி கிளம்பிய பிறகு ஆள் தேடினால் பயிற்சி கொடுக்க அங்கே யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.