கிரிட்ஸ்ங்கிற மக்காச்சோளக் குருணை பாதி நேரத்துல வேகணுமா?
ஸ்டோன் கிரவுண்ட், அதாவது கல்லுல உடைச்ச கிரிட்ஸ் பண்றதா இருந்தா முந்தின நாள் ராத்திரியே 1 கப்புக்கு 4 கப் தண்ணி ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க, காலைல மேல மிதக்குற உமிய மட்டும் கரண்டியால எடுத்துட்டு அதே தண்ணியோட அடுப்புல ஏத்துங்க, முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரம்னு ஆகுறது கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிடும்.

அமெரிக்கத் தென் மாநிலங்கள்ல காலைச் சாப்பாட்டுக்குப் பண்ற இந்த மக்காச்சோளக் குருணை கல்லுல உடைச்சது, அதனால பெருசும் சிறுசுமா இருக்கும், பெரிய குருணைக்குள்ள தண்ணி இறங்கத்தான் அவ்ளோ நேரம் எடுக்குது, அந்த வேலை ராத்திரியே முடிஞ்சிடும். ஊறின தண்ணிய தயவுசெஞ்சு கொட்டிடாதீங்க, அதுல இருக்குற மாவுச்சத்துதான் நம்ம கூழ் மாதிரி அந்த வழவழப்பக் குடுக்கும். கொதி வர்ற வரைக்கும் கைவிடாம கிண்டணும், இல்லன்னா அடியில கட்டி புடிச்சிடும், அப்புறம் சிம்ல வச்சு அப்பப்ப கிண்டினா போதும். வெண்ணெய் கடைசியில. அங்க தென் கரோலினாவுல சார்ல்ஸ்டன் ஊர்ப் பக்கம் பண்ற மாதிரி மேல இறால் வதக்கிப் போட்டா அவ்ளோ ருசி!

பாக்கெட்ல குயிக், இன்ஸ்டன்ட்னு போட்டிருந்தா ஊற வைக்க வேணாம், குயிக்கே அஞ்சு பத்து நிமிஷத்துல வெந்துடும், இன்ஸ்டன்ட் ஏற்கனவே வேக வச்சு காய வச்சது, ஊறினா பசையாயிடும்.