வெள்ளை ஈக்குப் பூஞ்சை மருந்து: பினாங்கு குடில்காரர்களுக்கு

பாலிக் பூலாவிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ பிளாஸ்டிக் கூரைக்கடியில் மிளகாய், கத்தரி வளர்ப்பவருக்கு வெள்ளை ஈயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரே மருந்தை அடித்துக்கொண்டே இருந்தால் அது மருந்துக்கு அசராது. பூச்சிக்கு நோய் கொடுக்கும் பூஞ்சையைப் பழகிக்கொள்ளுங்கள். செம்பனைத் தோட்டங்களில் காண்டாமிருக வண்டுக்கு மெட்டாரைசியம் என்ற பூஞ்சையைப் போடுவது நம் நாட்டில் தெரிந்த கதைதான். வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேனுக்கு பெவேரியா பேசியானா என்ற பூஞ்சை. பட்டுப்புழு நோய்க்கு ஒரு பூஞ்சைதான் காரணம் என்று 1835-இல் காட்டிய இத்தாலியர் அகோஸ்டினோ பாசி பெயரால்தான் ‘பேசியானா’ வந்தது.

இதைப் பூச்சி தின்ன வேண்டியதில்லை. பூஞ்சையின் விதை போன்ற நுண்துகளான வித்து உடம்பில் ஒட்டினால் போதும். முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே பரவும். ஒட்டாத பூச்சிக்கு ஒன்றும் ஆகாது.

முதல் படி: இலையைத் திருப்பிப் பாருங்கள். அங்கொன்று இங்கொன்றாகத் தெரியும்போதே தொடங்க வேண்டும். செடியைத் தட்டினால் புகைபோல் எழும்பும் அளவுக்கு விட்டுவிட்டால் பூஞ்சை மட்டும் போதாது.

இரண்டாவது: தெளிப்பானை நன்றாகக் கழுவுங்கள். பூஞ்சைக்கொல்லி மிச்சம் இருந்தால் வித்து செத்துப்போகும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தூளைக் கொஞ்சம் நீரில் குழைத்து, வடிகட்டி, மீதி நீரோடு சேருங்கள். கலந்ததை அன்றே அடித்துத் தீர்க்கவும்.

மூன்றாவதுதான் முக்கியம். வெயிலின் புறஊதாக் கதிர் வித்தைக் கொல்லும். மதியத்தில் கூரைக்கடியில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் முளைப்பும் மந்தமாகும். வித்து முளைக்க ஈரப்பதம் வேண்டும், அது நம்மூர் இரவில் தாராளம். இங்கே பொழுது சாய ஏழு மணிக்கு மேல் ஆகிவிடும் என்பதால் ஆறரைக்குப் பிறகு அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், மேலே மட்டும் அடிப்பது பாதி மருந்தை வீணாக்குவது. முகக்கவசம் கட்டாயம், தூள் மூச்சில் போனால் சிலருக்கு ஒவ்வாமை வரும்.

மறுநாளே பூச்சி உதிரவில்லை என்று பதறாதீர்கள். மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை பிடிக்கும். வாரம் ஒருமுறை திரும்ப அடியுங்கள். செத்த பூச்சிமேல் வெள்ளைப் பஞ்சு பூத்திருந்தால் வேலை நடக்கிறது. இடையில் மாங்கோசெப், தாமிர மருந்து போன்ற பூஞ்சைக்கொல்லி எதுவும் வேண்டாம்.

மிச்சப் பாக்கெட்டை ஜிங்க் கூரை ஸ்டோரில் போடாதீர்கள். காலாவதித் தேதி பார்த்து, பிள்ளைகள் கை எட்டாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.