நெரிசலான ஏரியில் ட்ரவுட்: ட்ரோலிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடும் படகின் பின்னால் போலி இரையை இழுத்துச் சென்று, குளிர்நீரை விரும்பும் ட்ரவுட் போன்ற மீன்களைப் பிடிப்பதுதான் ட்ரோலிங். ஏரி காலியாக இருந்தால் பெரிய சிக்கல் வராது. விடுமுறை நாளில் நாலாபுறமும் படகுகள் ஓடும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவைக்கு வேர் ஒன்றுதான்: படகு ஐந்து மீட்டர் நீளமாக இருக்கலாம், ஆனால் அதன் பின்னால் ஐம்பது மீட்டர் தூண்டில் நரம்பு நீருக்குள் வருவதை ஓட்டுபவர் மறந்துவிடுகிறார்.

இதே மறதியில்தான் பலர் அடுத்தவர் படகின் பின்புறத்தை ஒட்டிக் கடக்கிறார்கள். அவருடைய நரம்பு நம் எஞ்சின் விசிறியில் சுற்றினால் இருவருக்கும் அன்றைய நாள் வீண். தாராளமாக இடம் விட்டுக் கடந்து செல்லுங்கள். கூட்டம் மிகுந்தால் நரம்பை இன்னும் குறைவாக விடுங்கள்.

திடீரெனத் திருப்புவதும் கூடாது. திருப்பத்தின் உட்புற இரை வேகம் குறைந்து தாழும், வெளிப்புற இரை வேகம் கூடி மேலெழும்; இரண்டும் பின்னிக்கொள்ளும். அகலமாக, மெதுவாக வளைந்தால் இதே மாற்றம் நமக்குப் பாடமாகும். உட்புறத் தூண்டிலில் மீன் கடித்தால் வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். வெளிப்புறத்தில் கடித்தால் கூட்டுங்கள். பொதுவாக மணிக்கு 2.5 முதல் 4 கிலோமீட்டர் வரை ட்ரவுட்டுக்கு ஏற்றது. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது இந்த அளவு தெரியாமலே மீறப்படும்.

“நான் மீன் பிடிக்கிறேன், மற்றவர்கள் விலகட்டும்” என்ற எண்ணம் எனக்கு அறவே பிடிக்காது. அதற்கு விதியின் துணையும் இல்லை. படகு மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதிகளே, ட்ரோலிங் செய்யும் படகை மீன்பிடிப் படகுக்குரிய சலுகைக்குள் சேர்ப்பதில்லை. எஞ்சின் படகுகள் இரண்டு நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்புறம் திரும்ப வேண்டும். முந்திச் செல்பவரே விலகிப் போக வேண்டும். ஏரிக்கென்று தனி விதிகள் இருந்தால் புறப்படுமுன் படித்துவிடுங்கள்.

கோடை நண்பகலில் மேற்பரப்பிலேயே இரையை இழுப்பது இன்னொரு வீண் வேலை. வானவில் ட்ரவுட் ஏறக்குறைய 13 முதல் 16 டிகிரி செல்சியஸ் நீரை நாடும். மேல்நீர் சூடானால் ஆழத்துக்கு இறங்கிவிடும். விடியற்காலையில் மேலே தேடலாம். வெயில் ஏறியபின் ஈயம் கட்டியோ, எடைக்குண்டோடு இறக்கும் டவுன்ரிக்கர் கொண்டோ இரையைக் கீழே கொண்டுபோக வேண்டும்.

மீன் மாட்டியதும் எஞ்சினை நிறுத்துவது மிகப் பழகிப்போன தவறு. படகு நின்றால் மற்ற நரம்புகள் தொய்ந்து அடியில் சிக்கும். பின்னால் வருபவரும் தடுமாறுவார். வேகத்தை மட்டும் குறைத்து, நேராகச் சென்றபடி, இடையூறான நரம்புகளை முதலில் சுருட்டுங்கள். திரும்ப விடப்போகும் மீனை ஈரக் கையால், கூடியவரை நீருக்குள்ளேயே வைத்து விடுவியுங்கள். மேல்நீர் 20 டிகிரியைத் தாண்டிவிட்டால் விடுவித்த ட்ரவுட் பிழைப்பது கடினம். பிடித்து விடுவதற்காக மட்டுமே வந்தவர்கள் அந்த வேளையில் தூண்டிலைச் சுருட்டிவிடுவதே நல்லது.