பயத்தங்காய்க் கொடியில் துரு: மருந்துக் கடைக்குப் போகுமுன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுக்குப் பின்னாலோ, மறுநடவு செய்த செம்பனைக் கன்றுகளுக்கு நடுவிலோ பயத்தங்காய் போடுகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். இலையைத் திருப்பினால் செம்பழுப்புப் பொட்டுகள். விரலால் தேய்த்தால் தூள் ஒட்டிக்கொள்ளும். அதுதான் துரு, ஒரு பூஞ்சை நோய்; அந்தத் தூள்தான் பூஞ்சையைப் பரப்பும் வித்து. கோதுமையை அழிக்கிற துரு நோய்க்கு இது பங்காளி முறை. ஆனால் ஒன்றின் துரு இன்னொன்றில் ஏறாது. அதனால் பக்கத்து வீட்டுச் சோளத்தில் துரு இருக்கிறதென்று சண்டைக்குப் போக வேண்டாம்; சோளத்துத் துரு வேறு.

துருப் பூஞ்சை வளர்வதும் பெருகுவதும் உயிருள்ள செடியில் மட்டும்தான். இதை மறந்துவிடுவதால்தான் பாதித் தவறு நடக்கிறது. காய்த்து ஓய்ந்த பழைய கொடியை, 'இன்னும் நாலு காய் வருமே' என்று அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே புது விதை ஊன்றுகிறோம். பழைய இலையிலிருந்து காற்றில் பறக்கும் தூளுக்குப் புது இலை விருந்து. அப்புறம் புது வரிசைக்கு எவ்வளவு மருந்து அடித்தாலும் பழைய வரிசை தூளை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்.

கோதுமையிலும் இதே கதைதான். வட இந்தியச் சமவெளியில் கோடை வெயிலில் துரு தாங்காது. ஆனால் நீலகிரி, பழனி மலைகளின் குளிர்ச்சியில் பச்சையாக நிற்கும் கோதுமையில் தண்டுத் துரு பிழைத்துக் கிடக்கும். நவம்பர் மாதப் புயல் காற்றில் ஏறி மத்திய இந்தியா வரை போய்விடும். அங்கே அதற்கு ஒரு மலை தேவைப்படுகிறது. நம் ஊரிலோ ஆண்டு முழுதும் பச்சை. மலையின் வேலையை நாம் விட்டுவைக்கும் பழைய கொடியே செய்துவிடுகிறது. ஆகவே முதலில் அதைப் பிடுங்குங்கள், பிறகு விதையுங்கள். பனி காயாத காலையில் பிடுங்கினால் தூள் அதிகம் பறக்காது. பிடுங்கியதைப் புது வரிசை ஓரத்தில் குவிக்காமல் தள்ளிப் புதைத்துவிடலாம்.

துருவுக்காக மண்ணில் மருந்து ஊற்றுவதும், விதையை மாற்றிப் பார்ப்பதும் பெரும்பாலும் வீண் செலவு. இந்தத் துரு விதை வழியே வருவதில்லை.

சாயங்காலம் இலைமேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். தூள் முளைக்க இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும். காலையில் வேருக்கு ஊற்றுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் கொடி கரும்பச்சையாக அடர்ந்து, உள்ளே காற்றே நுழையாது. பார்க்க அழகு, துருவுக்கும் அதுதான் பிடிக்கும்.

கொய்யா, ரம்புத்தான் இலையில் ஆரஞ்சு நிறத்தில் வெல்வெட் போலத் தெரிகிறதே, அது பெரும்பாலும் துரு அல்ல. ஒரு வகைப் பாசி. அதற்குத் துரு மருந்து வாங்காதீர்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். 'பூஞ்சை மருந்து' என்று மட்டும் கேட்டால் கடையில் ஏதாவது ஒன்று தருவார்கள். மெட்டலாக்சில் துருவைத் தொடவே தொடாது. மேங்கோசெப் நோய் வருமுன் இலையைக் காக்கும், உள்ளே புகுந்ததை விரட்டாது. டெபுகோனசோல் போன்றவை இலைக்குள் போய் வேலை செய்யும், ஆனால் ஒரே வகையைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிவிடும். எதை வாங்கினாலும் லேபிளில் பதிவு எண்ணும், உங்கள் பயிரின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கும்போது இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும்; மேலாக அடித்துவிட்டு மருந்து சரியில்லை என்பவர்களே அதிகம்.

அடித்த பிறகு எத்தனை நாள் காய் பறிக்கக்கூடாது என்பதும் லேபிளில் இருக்கும். பயத்தங்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். அதனால் மருந்து அடிக்க வேண்டிய காலம் பூப்பதற்கு முன்புதான். காய் பறிக்கத் தொடங்கிய பிறகு துரு கொடி முழுக்க ஏறிவிட்டதா? இருக்கிற காயைப் பறித்துக்கொண்டு கொடியை இழுத்துப் போடுவதே லாபம்.