ஊலாங் தேநீர்: நல்ல இலையை வீணாக்கும் தவறுகள்

பச்சைத் தேயிலைக்குச் சொல்லும் 80 டிகிரி கணக்கை அப்படியே, பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட சீனத் தேயிலையான ஊலாங்குக்கும் எடுத்துக்கொண்டு, ஆறிய நீரை ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்துக் குடித்துவிட்டு, 'இதுக்கா இவ்வளவு விலை?' என்று கேட்பவர்கள் நிறைய. ஃபூஜியன் மாகாணத்தின் ஆன்ஷியில் இறுக்கி உருட்டிய தியே குவான்யின் ஆகட்டும், வூயி மலைப் பாறைகளிடையே விளைந்து கரித்தணலில் வாட்டிய பாறைத் தேயிலை ஆகட்டும், நல்ல கொதிநீர் பட்டால்தான் வாய் திறக்கும். 95 டிகிரிக்குக் குறையாமல் ஊற்றுங்கள். குறைக்க வேண்டியது நேரத்தைத்தான். 100 மில்லி கொள்ளும் மூடி போட்ட கிண்ணத்தில் (அவர்கள் கைவான் என்பார்கள்) 5 முதல் 7 கிராம் இலை, 10 முதல் 20 விநாடி, உடனே ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிட வேண்டும். குவாங்தோங் மாகாணத்து ஃபீனிக்ஸ் மலையில் விளையும் தான்சோங் என்ற ஊலாங் இதில் ரொம்பக் கறார். கொஞ்சம் கூடுதலாக ஊறினாலும் கசப்பு ஏறிவிடும்.

முதல் கோப்பையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உருட்டிய இலை அப்போது பாதிகூட விரிந்திருக்காது, அதே இலையில் மூன்றாவது நான்காவது முறை நீர் ஊற்றும்போதுதான் சுவைக்குக் கனம் வரும், நல்ல இலை என்றால் ஏழெட்டு ஊற்று தாங்கும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, மூடியை முகராமல் குடிப்பது. வடித்தவுடன் மூடியைத் திருப்பி மூக்கருகே கொண்டுபோங்கள். மி லான் சியாங் என்ற தான்சோங் என்றால், சூட்டோடு முதலில் தேன் வாசனை தூக்கலாக வரும். மூடி ஆற ஆற அது அடங்கி, ஆர்க்கிட் பூ மணம் மெல்ல மேலே வரும். குடித்து முடித்த காலிக் கோப்பையின் அடியிலும் அந்த மணம் நிற்கும், அதைக் கழுவ அவசரம் வேண்டாம். வாயில் வைக்கும்போது காற்றோடு சேர்த்துச் சத்தமாகவே உறிஞ்சுங்கள், அதில் கூச்சப்பட எதுவுமில்லை. விழுங்கியதும் அடுத்த மடக்குக்குப் போகாமல் கொஞ்சம் பொறுத்தால் தொண்டையில் ஒரு இனிப்பு ஊறி வரும். ஊலாங்கின் பாதி சுகம் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், எல்லா ஊலாங்கையும் புதிதாகவே குடிக்க வேண்டும் என்பதும் தவறு. வாட்டிய பாறைத் தேயிலையில் நெருப்பின் காட்டம் அடங்கச் சில மாதம் ஆகும். அதிகம் வாட்டாத, பச்சையான தியே குவான்யின் நேர்மாறு: காற்றுப்புகாத பொட்டலத்தில் ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே எடுத்தால் குளிர் விட்டபிறகே பிரியுங்கள், இல்லாவிட்டால் இலை ஈரம் பிடித்துவிடும்.

வூயியின் புகழ்பெற்ற பாறைத் தேயிலையான தா ஹோங் பாவின் தாய்மரத்து இலை என்று சொல்லி யாராவது விற்றால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வூயியில் பாறைமேல் நிற்கும் அந்த ஆறு மரங்களில் இலை பறிப்பதை 2006லேயே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெயரில் கடைக்கு வருவதில் பெரும்பகுதி ரோ குய், ஷுய் சியான் போன்ற வகைகளின் கலவை. அதிலேயே அருமையானவை இருக்கின்றன. எந்த வருடத்து இலை, எப்போது வாட்டியது என்று கேட்டு வாங்குங்கள்.