சீன மாணவர்களுக்கு மெனி, மச் சொல்லித்தரும்போது

சீனத்தில் ‘ஹென் துவோ’ என்றால் நிறைய. ஆங்கிலத்தில் எண்ணக்கூடியவற்றுக்கு வரும் மெனி, எண்ண முடியாதவற்றுக்கு வரும் மச் இரண்டுக்கும் அது ஒன்றே போதும். பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதியும் பொதுவாகக் கிடையாது. ‘மெனி புக்’ என்று மாணவர் எழுதினால் அதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள்.

அவர்கள் மொழியிலிருந்தே தொடங்குங்கள். ‘சான் பென் ஷு’ என்றால் மூன்று புத்தகங்கள். நடுவில் நிற்கும் ‘பென்’ அளவைச்சொல், அதாவது எண்ணும்போது எண்ணுக்கும் பெயருக்கும் இடையே வரும் சொல். ஆங்கிலத்தில் புத்தகத்துக்கு அது வேண்டாம், ‘த்ரீ புக்ஸ்’. அட்வைஸ், ஃபர்னிச்சர், நியூஸ் போன்றவற்றை எண்ணத்தான் அப்படி ஒரு சொல் வேண்டும்: ‘த்ரீ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’. பன்மை ‘பீஸ்’ மீதே ஏறும்.

அதைவிட முக்கியம் ‘எ ஃபியூ’. சீனத்தில் ‘எ’, ‘தி’ போன்ற ஆர்ட்டிக்கிள் இல்லாததால் ‘எ’ எளிதில் நழுவிவிடும். ‘ஐ ஹேவ் எ ஃபியூ ஃபிரெண்ட்ஸ்’ என்றால் சில நண்பர்கள் உண்டு. ‘எ’ போய்விட்டால், நண்பர்களே அரிது என்று கேட்பவர் வருந்துவார்.