‘அவங்க’ என்பது ஹீயா, ஷீயா, தேயா? ஆங்கிலப் பிரதிப்பெயர்களைக் கற்பிக்கும் வழி

ஆறாம் வகுப்பில் ஒரு முறை ‘என் அம்மா’ என்ற தலைப்பில் சில வரிகள் எழுதச் சொன்னபோது ஒரு மாணவன், ‘மை மதர் இஸ் எ டெய்லர். ஹீ கெட்ஸ் அப் அட் ஃபைவ். தே ஸ்டிச் பிளவுஸ். வெரி நைஸ்லி ஸ்டிச்சிங்’ என்று எழுதிக்கொண்டு வந்தான். அம்மா இரண்டாம் வரியில் ஆணாகவும் மூன்றாம் வரியில் பலராகவும் மாறி, நான்காம் வரியில் காணாமலே போய்விட்டார். அந்த மாணவனுக்கு ப்ரோநவுன், அதாவது பிரதிப்பெயர், வகைகள் தெரியாமல் இல்லை. முந்தைய வாரம்தான் எட்டு வகைகளையும் வரிசை தவறாமல் ஒப்பித்திருந்தான். அவன் தமிழில் பிழையின்றி யோசித்து, அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினான் என்பதே உண்மை. ‘அவர்’ என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ‘அவங்க’ என்பது மரியாதைக்குரிய ஒருவருக்கும் பலருக்கும் பொது. ‘நன்றாகத் தைப்பார்’ என்று சொல்லத் தமிழில் எழுவாயே தேவையில்லை.

ஆகவே இந்தப் பாடத்தை எட்டு வகைகளின் பட்டியலிலிருந்து தொடங்காமல், மாணவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் தமிழ்ச் சொற்களிலிருந்து தொடங்குவதே நல்லது. ‘பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வருவது பிரதிப்பெயர்’ என்ற வரையறையையும் முதல் நாளே எழுதிப்போட வேண்டியதில்லை. ‘ஐ’ என்ற சொல் எந்தப் பெயருக்குப் பதிலாக வருகிறது என்று ஒரு குழந்தை கேட்டால் அந்த வரையறை தடுமாறிவிடும். தன் பெயரைச் சொல்லித் தன்னைக் குறிப்பிடும் வழக்கம் பொதுவாக இல்லையே.

முதல் வகுப்பில் கரும்பலகையின் இடப்பக்கத்தில் போனேன், போனாய், போனான், போனாள், போனது, போனார்கள் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்குரிய ஆங்கில வினைச்சொல்லைச் சொல்லும்படி மாணவர்களைக் கேட்க வேண்டும். ஆறு வரிகளிலும் ‘வென்ட்’ என்றே வரும். மூன்றாவது வரிக்கு வரும்போதே வகுப்பில் சிரிப்பு எழும். அப்போது, தமிழ் வினையின் வால்பகுதியே போனது யார் என்பதைச் சொல்லிவிடுகிறது, ஆங்கில வினை சொல்வதில்லை, ஆகவே ஆளை முன்னால் நிறுத்தியே தீர வேண்டும் என்பதை விளக்க வேண்டும். ‘நேற்று ஊருக்குப் போனேன்’ என்பதை ‘எஸ்டர்டே வென்ட் டு மை வில்லேஜ்’ என்று எழுதும் பழக்கம் இந்த ஆறு வரிகளைப் பார்த்த பிறகு கணிசமாகக் குறையும். இதன் தொடர்ச்சியாகவே, ‘மழை பெய்கிறது’, ‘மணி ஐந்தாகிறது’, ‘புழுக்கமாக இருக்கிறது’ ஆகிய வாக்கியங்களில் ஆங்கிலம் ‘இட்’ என்று தொடங்குவதையும் காட்டிவிடலாம். அந்த ‘இட்’ எந்தப் பொருளையும் சுட்டுவதில்லை. எழுவாயின் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக உட்கார வைக்கப்பட்ட சொல் அது.

அடுத்த வகுப்புக்குத் தமிழாசிரியர் நடத்திய ஐம்பால் பாடம் கைகொடுக்கும். ஆண்பாலுக்கு ஹீ, பெண்பாலுக்கு ஷீ, ஒன்றன்பாலுக்கு இட் என்பதில் சிக்கல் இல்லை. பலர்பால், பலவின்பால் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘தே’ என்ற ஒரே சொல்தான் உண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ‘தே’ மனிதர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணிக்கொண்டு, மேசைமீதுள்ள புத்தகங்களை ‘இட்’ என்றே எழுதுவார்கள். மரியாதைப் பன்மைக்கு ஆங்கிலத்தில் இடமில்லை. குடியரசுத் தலைவரானாலும் தலைமையாசிரியரானாலும் தாத்தாவானாலும் ஹீ அல்லது ஷீதான். பல பிள்ளைகளுக்கு இது உள்ளூரக் கூச்சமாகவே இருக்கும். தாத்தாவை ‘அவன்’ என்று சொல்வதுபோல அவர்களுக்குத் தோன்றும். மரியாதை ஆங்கிலத்தில் ‘சார்’, ‘மேடம்’, ‘ப்ளீஸ்’ போன்ற சொற்களிலும் குரலிலும் இருக்கிறது, பிரதிப்பெயரில் இல்லை என்று சொன்னால்தான் கூச்சம் விலகும். குழந்தையைப் பற்றிய வழக்கும் கவனிக்கத்தக்கது. ‘குழந்தை அழுகிறது’ என்று நாம் அஃறிணையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தையை ‘இட்’ என்று சொன்னால் பெற்றோர் முகம் சுளிக்கக்கூடும்.

இன்னார் என்று தெரியாத ஒருவரை ஆங்கிலம் ‘தே’ என்றே சொல்வதுண்டு. ‘யாரோ குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்’ என்பதற்கு ‘சம்ஒன் ஹேஸ் லெஃப்ட் தெயர் அம்ப்ரெல்லா’ என்பது இயல்பான வாக்கியம். 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும் இவ்வழக்கு பிற்காலத்தில் ஆண், பெண் என்ற வகைக்குள் தம்மை அடக்கிக்கொள்ளாதவர்களையும் குறிக்கும் அளவுக்கு விரிந்து, 2019-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘தே’ என்பதை அந்த ஆண்டின் சொல்லாக அறிவிக்கும் நிலைக்கு வந்தது. பன்மையாகப் பிறந்த ‘அவர்’ ஒருமைக்கு வந்து சேர்ந்த கதையை அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் ஹீ, ஷீ வேறுபாடு கைவருவதற்கு முன் இதைச் சொல்லிக்கொடுத்தால் மேலே கண்ட அம்மா மறுபடியும் பலராகிவிடுவார். எட்டாம் வகுப்புவரை காத்திருக்கலாம்.

முன்னிலையில் நிலைமை எதிர்மாறானது. நீ, நீர், நீங்கள் எல்லாம் ‘யூ’ என்ற ஒன்றில் அடங்குகின்றன. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ‘நீ’ இருந்தது. ‘தவ்’ என்ற அந்தச் சொல் 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் பக்கந்தோறும் கிடைக்கும், பின்னர் பொது வழக்கிலிருந்து மறைந்தது. நாம், நாங்கள் என்ற வேறுபாடும் ‘வீ’ என்பதில் கரைந்துவிடுகிறது. ‘வீ ஆர் கோயிங் டு த பீச்’ என்று ஒருவர் சொன்னால் நம்மையும் அழைக்கிறாரா என்பது சூழலை வைத்துத்தான் விளங்கும். இந்த ஓர் இடத்திலாவது தங்கள் மொழி நுட்பமானது என்று பிள்ளைகள் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும்.

இனி ஐ, மீ குழப்பம். என்னை, என்னிடம், என்னோடு, எனக்கு என்று தமிழ் உருபுகளை மாற்றிக்கொண்டே போகிறது. ஆங்கிலம் ‘மீ’ என்ற ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு அதன் முன்னால் டு, வித், ஃப்ரம் போன்ற சொற்களை மாற்றுகிறது. ஹிம், ஹர், அஸ், தெம் எல்லாம் இதே வேலையைச் செய்பவை. யூ, இட் இரண்டும் வடிவம் மாறாதவை. இதுவரை எளிது. ‘எனக்கு’ என்பதில்தான் குழி இருக்கிறது. ‘எனக்கு ஒரு பேனா கொடு’ என்பதில் அது ‘மீ’. ஆனால் எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குக் காய்ச்சல், எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்ற ஐந்திலும் அது ‘ஐ’ ஆகிவிடுகிறது. ‘என்னால் முடியும்’ என்பதும் ‘ஐ கேன்’தான். உருபைப் பார்த்து மொழிபெயர்க்காமல், உணர்பவர், அறிபவர், உடையவர் ஆங்கிலத்தில் எழுவாயாக நிற்பார் என்று பழக்க வேண்டும். மேலே சொன்ன ஐந்து வாக்கியங்களையும் தினமும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லவைத்தால், விதியைவிட அந்தப் பழக்கமே அதிகம் உதவுவதைக் காணலாம்.

இருவரைச் சேர்த்துச் சொல்லும்போது பெரியவர்களும் சறுக்குகிறார்கள். ‘சார் கேவ் இட் டு ராமு அண்ட் ஐ’ என்பது நாகரிகமாக ஒலிக்கிறது என்பதற்காகவே பலர் அப்படி எழுதுகிறார்கள். ராமுவை எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்கச் சொன்னால் போதும். ‘கேவ் இட் டு ஐ’ என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆகவே ‘ராமு அண்ட் மீ’ என்பதே சரி. ‘நானும் ராமுவும்’ என்று தன்னை முன்னால் வைப்பது தமிழில் இயல்பு; ஆங்கில மரபு பிறரை முன்னால் வைத்து ‘ராமு அண்ட் ஐ’ என்று தன்னைக் கடைசியில் வைக்கும்.

உடைமைப் பெயர்களுக்குத் தமிழே ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. ‘என்னுடைய’ என்று முடிந்தால் ‘மை’, ‘என்னுடையது’ என்று முடிந்தால் ‘மைன்’. இதேபோல உன்னுடைய, உன்னுடையது என்பவை முறையே யுவர், யுவர்ஸ் ஆகும். அவளுடைய, அவளுடையது என்பவை ஹர், ஹர்ஸ் ஆகும். ‘ஹிஸ்’ மட்டும் இரு வேலையையும் செய்யும். ‘திஸ் புக் இஸ் மை’ என்று எழுதும் மாணவரிடம் அதைத் தமிழில் சொல்லச் சொன்னால் ‘இந்தப் புத்தகம் என்னுடைய’ என்று சொல்லி அவரே நிறுத்திக்கொள்வார். ‘எங்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பைத் தமிழில் ‘அவர்’ என்று குறித்துவைத்துக்கொண்டு, பிறகு அதை ‘அவருடைய’ என்று படிக்கும் பிள்ளைகளும் உண்டு. நோட்டுப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. ‘அதனுடைய’ என்னும் பொருளில் வரும் ‘இட்ஸ்’ மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) இல்லாதது. மேற்குறியோடு வருவது ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்பதன் சுருக்கம். விரித்துப் படித்துப் பொருள் வந்தால் மட்டும் குறி இடலாம்.

தமிழின் ‘தன்’ ஆங்கிலத்தில் இல்லாததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘முருகன் கண்ணனிடம் தன் சைக்கிளைக் கொடுத்தான்’ என்றால் சைக்கிள் முருகனுடையது. ஆங்கிலத்தில் ‘ஹிஸ் சைக்கிள்’ என்று எழுதினால் அது இருவரில் எவருடையதாகவும் இருக்கலாம். அத்தகைய இடத்தில் பெயரையே மறுபடி எழுதுவது பிழையல்ல. பிரதிப்பெயரைப் பயன்படுத்தக் கற்பிப்பதுபோலவே அதைத் தவிர்க்கவும் கற்பிக்க வேண்டும்.

‘மைசெல்ஃப்’ என்ற சொல்லைப் பற்றி எனக்குத் தனி வருத்தம் உண்டு. நேர்முகத் தேர்வுக்குப் போகும் பட்டதாரிகள்வரை ‘மைசெல்ஃப் குமார்’ என்றே அறிமுகம் செய்துகொள்கிறார்கள். ‘ஐ ஆம் குமார்’ அல்லது ‘மை நேம் இஸ் குமார்’ என்பதே போதும். தன் செயல் தன்மேலேயே படும்போதும் (‘ஐ கட் மைசெல்ஃப்’, கையை வெட்டிக்கொண்டேன்), ‘நானே’ என்று அழுத்தும்போதும் (‘ஐ குக்ட் இட் மைசெல்ஃப்’) மட்டுமே இச்சொல்லுக்கு வேலை. நீ, நீங்கள் வேறுபாடு எண்ணிக்கை அளவில் இன்னும் எஞ்சியிருப்பதும் இந்த வகையில்தான்: ஒருவருக்கு யுவர்செல்ஃப், பலருக்கு யுவர்செல்வ்ஸ்.

திஸ், தட், தீஸ், தோஸ் என்னும் சுட்டுப்பெயர்கள் இது, அது, இவை, அவை என்பவற்றோடு நேராகப் பொருந்துவதால் அதிக நேரம் வேண்டியதில்லை. வினாப்பெயர்களும் அப்படியே, யார் என்றால் ஹூ, யாருடையது என்றால் ஹூஸ், கண்முன் உள்ளவற்றுள் எது என்றால் விச், பொதுவாக என்ன என்றால் வாட்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது, இரு வாக்கியங்களை இணைக்கும் ஹூ, விச், தட் போன்ற இணைப்புப் பிரதிப்பெயர்களுக்கு. தமிழில் பெயரெச்சம் இருப்பதால் இவற்றுக்கு நிகரான சொல்லே அன்றாடப் பேச்சில் தேவைப்படுவதில்லை. ஒரு நீளமான காகிதத் துண்டில் ‘நேற்று கீழே விழுந்த பையன்’ என்று எழுதி, ‘பையன்’ என்ற சொல்லை மட்டும் கத்தரித்து, அதைத் துண்டின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ‘ஹூ’ என்று எழுதிய சிவப்பு அட்டையைச் செருகினால் ‘த பாய் ஹூ ஃபெல் டவுன் எஸ்டர்டே’ என்பதன் வடிவம் கண்முன் தெரியும். மனிதர் என்றால் ஹூ, பொருள் என்றால் விச் அல்லது தட். ‘நான் வாங்கிய புத்தகம்’ என்பதை இதே முறையில் மாற்றும்போது ‘த புக் விச் ஐ பாட் இட்’ என்று கடைசியில் ஓர் ‘இட்’ ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. ‘புத்தகம்’ என்ற துண்டு ஏற்கெனவே முன்னால் வந்துவிட்டது, ஒரே பொருளுக்கு இரண்டு அட்டை கிடையாது என்று காகிதத்தைக் காட்டினாலே அது உதிர்ந்துவிடும்.

எவ்ரிஒன், நோபடி போன்ற பொதுச்சுட்டுகளில் இரண்டு பிழைகளை மட்டும் குறிவைத்தால் போதும். ‘எல்லோரும் வந்துவிட்டார்கள்’ என்பது நமக்குப் பன்மை. ஆங்கிலத்தில் ‘எவ்ரிஒன் ஹேஸ் கம்’ என்று ஒருமை வினை வரும். ‘யாரும் வரவில்லை’ என்பதில் இன்மை வினையில் இருக்கிறது. அதை அப்படியே பெயர்த்து ‘எனிபடி டிட் நாட் கம்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்த இன்மை எழுவாய்க்கே ஏறி ‘நோபடி கேம்’ ஆகும். ‘நோபடி டிட் நாட் கம்’ என்று இரு இடத்திலும் வைத்தால் எல்லோரும் வந்ததாகப் பொருள் மாறிவிடும்.

வகைகளின் பெயர்களை இத்தனைக்கும் பிறகு எழுதிப்போட்டால் மாணவர்கள் அவற்றை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். தேர்வில் கேட்கிறார்கள் என்பதற்காக அவை வேண்டியிருக்கின்றன. கட்டுரைகளைத் திருத்தும்போது தவறான பிரதிப்பெயரை அடித்துச் சரியானதை எழுதித்தராமல், அதன்கீழ் கோடிட்டு ஓரத்தில் ‘யார்?’ என்று மட்டும் எழுதுவது நல்லது. அம்மாவைப் பற்றி எழுதிய மாணவனின் நோட்டில் மூன்று இடங்களில் அப்படி எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஹீ, தே இரண்டையும் ஷீ என்று மாற்றி, அதற்கேற்ப ‘ஸ்டிச்’ என்பதை ‘ஸ்டிச்சஸ்’ ஆக்கிக்கொண்டு வந்தான். நான்காம் வரியில் மட்டும் ‘அம்மா ஸ்டிச்சஸ் வெரி நைஸ்லி’ என்று இருந்தது. மூன்று முறை தொடர்ந்து ஷீ என்று எழுதப் பிடிக்கவில்லை என்றான். அதைத் திருத்தாமல் விட்டுவிட்டேன்.